விண்டோஸ் 10 முடிந்ததற்காகக் கணினியைத் தூக்கிப் போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச அப்டேட் நின்றுபோனது. அதிலிருந்து எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மெஷினையே மாத்தணுமாமே, அப்படியா?" கும்பகோணத்தில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு, பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பது தொழில். கடையில் இருக்கும் மூன்று கணினிகளில் இரண்டை, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்துக்கு மாற்றிவிட்டேன். வேலை நன்றாகவே நடக்கிறது. ஆனால் மாறுகிற வழியில் எது தடுக்கிறது என்பதை நேரில் பார்த்த பிறகு, அதை நாலு பேர் அறிய எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, கார்பன் பேப்பர் வைத்து மெஷினில் அடித்துத் தொழிலுக்கு வந்தவள். அப்புறம் விண்டோஸ் 98, எக்ஸ்பி, 7, 10 என்று எல்லாவற்றிலும் வேலை பார்த்துவிட்டேன். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் இதே மாதிரி முடிவு தேதி வந்தது. அப்போதெல்லாம் ஒரு ராம் கூடுதலாகப் போட்டால் பல கணினிகள் அடுத்த பதிப்புக்குத் தாங்கிவிட்டன. இந்த முறை அப்படி இல்லை. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸருக்குக் குறையக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் விதி வைத்திருக்கிறது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முன் வாங்கியவை எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அந்தப் பட்டியலில் இல்லை.

என் கடைக் கணினிகள் நாலாம் தலைமுறை ஐ3. பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான டிஸ்க் போட்ட பிறகு, ஸ்விட்சைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள் தயாராகிவிடுகின்றன. லீகல் சைஸில் டபுள் ஸ்பேஸ் விட்டு மனு அடிக்க இதற்கு மேல் என்ன வேகம் வேண்டும்? புதிது வாங்கினால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ஆகிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கூலி வாங்குகிற கடைக்கு அது லேசான தொகை இல்லை. ஓராண்டு நீட்டிப்பு இருக்கிறது, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்பது உண்மை. அதற்குப் பணம் கட்ட வேண்டும், இல்லை மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து நம் செட்டிங்ஸை அவர்களிடம் பேக்கப் செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும். அது முடிந்ததும் மறுபடி இதே கேள்வி.

பணம்கூடப் பரவாயில்லை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறொன்று.

என் கடைக்கு வருகிறவர்கள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்வார்கள், நான் அடிப்பேன். ஜீவனாம்ச மனு அடிக்க வரும் பெண்கள் புருஷன் எப்படி அடித்தான், மாமியார் என்ன சொன்னாள், நகை எந்தக் கடையில் அடகில் கிடக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிக்கொண்டே வந்தவர் ஒருநாள் நடுவில் நிறுத்திவிட்டு, "அக்கா, இது உங்க கம்ப்யூட்டர்ல இருந்து வேற எங்கயும் போவாதுல்ல?" என்று கேட்டார். போகாது என்று உறுதியாகச் சொன்னேன். அந்தப் பதிலை எப்போதும் சொல்லக்கூடியவளாக இருக்க வேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதன்முதலாகச் செட்டப் செய்யும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. கணக்கோடு உள்ளே போனால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்களை ஒன் டிரைவ் என்கிற மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடத்தில் ஏற்றிவைக்கும் ஏற்பாடும் கூடவே வருகிறது. அதை அணைத்துவிடலாம்தான். ஆனால் அப்படி ஒன்று ஓடுகிறது என்று தெரிந்தவர்தானே அணைக்க முடியும்? எங்கள் தொழிலில் இருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2024இல் ரீகால் என்று ஒரு வசதியை அறிவித்தார்கள். திரையில் தெரிவதைக் கணினியே அடிக்கடி படம் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். எதிர்ப்பு வந்ததும் தள்ளிப்போட்டு, விரும்புகிறவர் மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். அது புது வகைக் கணினிகளுக்கு மட்டும்தான், என் கடைக்கு வராது. இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது.

இன்று எதைத் தொட்டாலும் இப்படித்தான் ஆகிவிட்டது. பேஜ்மேக்கர் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒரு தடவை வாங்கினால் வாங்கினதுதான். அதே கம்பெனி இப்போது டிசைன் மென்பொருளை மாதச் சந்தாவுக்குத்தான் தருகிறது. டி.வி. பார்க்க லாகின், கேஸ் புக் பண்ண ஆப். ஆதார் நகலையும் பேன் கார்டையும் ஜனங்கள் கூச்சமே இல்லாமல் வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார்கள். என் கடை எண்ணுக்கு வருவதை அச்செடுத்ததும் அழித்துவிடுகிறேன். அனுப்பியவர் போனில் அது காலத்துக்கும் கிடக்கும். வாங்கின பொருள் நம்முடையது, அதில் எழுதினது நம்முடையது என்பதையே விட்டுக்கொடுத்துவிட்டோம். நமக்கு வேறு வழி இல்லை என்கிற எண்ணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

வழி இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் நீதிமன்றத்திலேயே தட்டச்சராக இருக்கும் ஒரு சார். இ-கோர்ட்ஸ் திட்டத்தில் நாடு முழுக்க மாவட்ட, சார்பு நீதிமன்றங்களுக்குக் கொடுத்த கணினிகளில் பல ஆண்டுகளாக உபுண்டு என்கிற லினக்ஸ் வகைதான் ஓடுகிறது. வழக்கு விவரங்களைப் பதிகிற சி.ஐ.எஸ். மென்பொருளும் அதில்தான். அதாவது மதில் சுவருக்கு உள்ளே லினக்ஸ், வெளியே எங்கள் கடைகளில் விண்டோஸ். இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்தும் எங்கள் தெருவில் யாரும் அதைப் பேசிக் கேட்டதில்லை. அவர் சொல்லித்தான் லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். உபுண்டுவை அடிப்படையாக வைத்துச் செய்தது, 2029 வரை அப்டேட் உண்டு, காசு கிடையாது. முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், ஹார்டு டிஸ்கில் இருப்பதை அது தொடாது. மெனு, டாஸ்க் பார் எல்லாம் விண்டோஸ் 7 போலவே இருப்பதால் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் பெரிதாகச் சிரமம் இல்லை. வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். வக்கீல்கள் அனுப்பும் வேர்டு ஃபைல் அதில் திறக்கிறது, சில சமயம் டேபிள் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கும், சரி செய்துகொள்ளலாம்.

தமிழ்தான் இதில் முக்கியமான விஷயம். என் விரலுக்குத் தெரிந்தது டைப்ரைட்டர் கீபோர்டு. இடது கை விரல்களை வைத்தால் ய, ள, ன, க என்று தானாக இருக்கும். 1999இல் வந்த தமிழ்99 நல்ல முறை என்கிறார்கள், புதிதாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு அதுவே சரி. ஆனால் இவ்வளவு வருஷம் ஓடிய விரலை நான் மாற்ற முடியாது. லினக்ஸில் ஐ-பஸ் என்ற அமைப்பில் எம்17என் என்கிற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெட்டிக் எல்லாமே கிடைக்கின்றன. டைப்ரைட்டரைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தேன், வேகம் குறையவில்லை. இதற்குத் தனியாகப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்கிய காலமெல்லாம் நினைவுக்கு வந்தது.

பழைய ஃபைல்களில்தான் சிக்கல். எங்கள் தொழிலில் கிட்டத்தட்ட எல்லாக் கடைகளிலும் ஆண்டுக்கணக்கில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில்தான் அடித்து வைத்திருக்கிறோம். பாமினியில் அடித்த கிரயப் பத்திரத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'கிரயம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் எஃப், பி, யு, ஏ, கே, அப்புறம் ஒரு அரைப்புள்ளி என்று இங்கிலீஷ் எழுத்தாக நிற்கும். காரணம், கணினிக்குள் பதிவாகியிருப்பது அந்த இங்கிலீஷ் எழுத்துகள்தான், அவற்றுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறோம். இது லினக்ஸின் குறை இல்லை. புது விண்டோஸிலும் இப்படித்தான், செல்போனிலும் இப்படித்தான். இவற்றை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றக் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. ஆனாலும் கண்ணால் ஒரு முறை படிக்காமல் விட முடியாது. பாமினியில் 'பெ' அடிக்க ஒற்றைக்கொம்பை முதலில் தட்டிவிட்டு 'ப' தட்டுவோம். யூனிகோடில் 'ப' முதலில், கொம்பு அப்புறம் என்று சேமிக்கப்படுகிறது. இடம் மாற்றும்போது எங்காவது ஒன்று பிசகினால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் உட்காரும். சர்வே நம்பரோ இனிஷியலோ இங்கிலீஷில் இருந்தால் அதையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும். பத்திரத்தில் ஒரு பெயர் தப்பாகப் போனால் பிழைத்திருத்தல் பத்திரம் வரைக்கும் இழுத்துவிடும். அதனால் வேலை இல்லாத மத்தியான நேரங்களில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றி, படித்து, சேமித்து வருகிறேன்.

தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை போட்டுவிட்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் அடித்த படிவங்களும் சுற்றறிக்கைகளும் என் கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் என்கிற லினக்ஸ் வகையும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது அது. எங்கள் தெருப் பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பக்கத்தில் கேரளத்தில் அரசுப் பள்ளிகளுக்கென்று உபுண்டுவை வைத்துத் தனிப் பதிப்பே தயாரித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தையே அதில் நடத்துகிறார்கள். இங்கே கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று விட்டுவிட்டோம். எனக்கு இது பெரிய ஆதங்கம்.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். லேசர் பிரிண்டர்களில் ஒன்று ரொம்பப் படுத்தியது. அதை இயக்கக் கம்பெனி கொடுக்கும் டிரைவர் என்கிற மென்பொருள் ஒத்துவரவில்லை, யாரோ தன்னார்வலர்கள் எழுதி வைத்திருந்த டிரைவரைப் போட்டுத்தான் ஓட வைத்தோம். பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்க வேண்டியிருப்பதால் மூன்றாவது கணினியில் விண்டோஸ் அப்படியே இருக்கிறது, இணையத்தை மட்டும் பிடுங்கிவிட்டேன். ஆடிட்டர் ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். வருமான வரிக்கான எக்செல் யுட்டிலிட்டி, மேக்ரோ என்கிற தானாக ஓடும் கட்டளைகளோடு வருவதால் அதற்கு எக்செல்தான் வேண்டும். டிஜிட்டல் கையெழுத்துப் போடச் செருகும் டோக்கன் கருவியும் லினக்ஸில் எளிதாக வேலை செய்வதில்லை. இவையெல்லாம் லினக்ஸ் எழுதுகிறவர்கள் தீர்க்கிற விஷயம் இல்லை, படிவம் தயாரிக்கிற துறைகள் தீர்க்க வேண்டியவை. வரி கட்டுவதற்கும் மனுப் போடுவதற்கும் குடிமக்கள் ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் பொருளை வைத்திருக்க வேண்டும் என்ற நிலை எந்தத் துறையிலும் இருக்கக் கூடாது.

அரசிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் பல வருஷமாகத் தமிழ்க் கணினிக்கு நல்ல வேலை செய்துவருகிறது. டைப்ரைட்டர் கீபோர்டை லினக்ஸில் எப்படிப் போடுவது, பாமினி, வானவில் ஃபைல்களை எப்படிப் பிழையில்லாமல் மாற்றுவது என்று மாவட்டத்துக்கு ஒரு பயிற்சி அவர்கள் நடத்தினால் எங்களைப் போன்ற கடைக்காரர்கள் கட்டாயம் வருவோம். அரசு வேலைக்கென்று சி.ஓ.ஏ. என்கிற கணினி ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் எங்கள் ஊர் இன்ஸ்டிட்யூட்களில் எம்.எஸ். ஆபீஸ் மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள். லிப்ரே ஆபீஸையும் கூடவே சொல்லிக்கொடுக்கட்டும். ஊராட்சி அலுவலகம், நூலகம், பள்ளி என்று எங்கெல்லாம் 2017க்கு முந்தைய கணினிகள் இருக்கின்றனவோ, அவற்றை மின்கழிவு என்று எழுதித் தள்ளுவதற்கு முன்னால் லினக்ஸ் போட்டு ஓடுகிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லி ஆணையிட வேண்டும்.

சக தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மெக்கானிக், "இது இனிமே ஆவாது, புதுசு வாங்கிடுங்க" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மின்ட் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றை எடுத்துவரச் சொல்லுங்கள். உங்கள் கணினியிலேயே அதைப் போட்டு, உங்கள் கீபோர்டு முறையில் ஒரு பக்கம் தமிழில் அடித்து, உங்கள் பிரிண்டரிலேயே எடுத்துப் பாருங்கள். எழுத்து சரியாக வந்தால் புதுக் கணினிக்கு எடுத்துவைத்த பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடை உரிமையாளர்,
கும்பகோணம்.