வந்தியத்தேவன் முகம் ஏன் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் பழைய கதைகளைச் சித்திரக்கதையாக வாங்கிப் படிப்பவர்கள் பலரும் சொல்லும் குறை ஒன்றுதான்: 'பொன்னியின் செல்வன்' சித்திரக்கதையில் மூன்றாம் பக்கத்தில் பார்த்த வந்தியத்தேவன் முப்பதாம் பக்கத்தில் வேறு ஆளாகிவிடுகிறான். குறை நியாயமானது. ஆனால் ஓவியருக்குக் கை வரவில்லை என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. பக்கக் கூலியும் கெடுவும் சேர்ந்துதான் அந்த முகத்தை மாற்றுகின்றன.

48 பக்கப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்றால் 240 படங்கள். ஒரு பக்கத்துக்குப் பென்சில் ஒரு நாள், மை ஒரு நாள், வண்ணமும் எழுத்தும் அரை நாள் என்று வைத்தால் ஒரு ஆளுக்கு 120 நாள் வேலை. பக்கத்துக்கு 1,500 ரூபாய் பேசினால் மொத்தம் 72,000. நாளுக்கு 600 ரூபாய். குமரி மாவட்டத்தில் இந்தக் கூலிக்குக் கொத்தனார் வரமாட்டார். இதில், ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு என்று அக்டோபரில் கதையைக் கொடுத்து டிசம்பர் தொடக்கத்தில் பக்கங்களைக் கேட்டால் கையில் இருப்பது 60 நாள்.

அப்போது முதலில் அடிபடுவது மாடல் ஷீட். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன், பக்க, பின் தோற்றம், நாலைந்து முகபாவம், உடை, ஆயுதம், ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்றால் என்ன உயரம் என்பதையெல்லாம் முன்கூட்டியே வரைந்து வைப்பது அது. பத்துப் பாத்திரங்களுக்குப் பத்து நாளாவது வேண்டும். அது புத்தகத்தில் பக்கமாக வராது. அதனால் அதற்குக் கூலியும் இல்லை. அது இல்லாமல் தொடங்கினால் ஆழ்வார்க்கடியானின் தொந்தி ஒரு பக்கத்தில் பெருக்கும், அடுத்ததில் இளைக்கும். அடுத்துப் போவது பின்னணி. மாளிகை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வண்ணப் பூச்சு. பிறகு குதிரை: கால்களை வரைய நேரமில்லாமல் நெஞ்சுக்கு மேலே கட்டத்தை வெட்டிவிடுவார்கள். கடைசியில் சினிமா நடிகர் படத்தின் மேல் வைத்து நகலெடுப்பது.

'பொன்னியின் செல்வன்' தொடருக்கு முதலில் வரைந்த ஓவியர் மணியத்தின் படங்களோடு ஒப்பிட்டுத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடர் வந்தபோது அவர் வாரத்துக்கு வரைய வேண்டியிருந்தவை சில படங்களே. இன்றைய ஓவியருக்கு இரண்டு மாதத்தில் 240. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. கதைக்குப் பதிப்பாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த மிச்சமாவது ஓவியரின் கைக்குப் போகலாமே.

நம் ஊர்க் கதைகளுக்கு நேர்வது இன்னும் மனதை வருத்துகிறது. கள்ளியங்காட்டு நீலி கதையில் கள்ளி வெறும் செடியல்ல. கொலையைப் பார்த்த சாட்சி, பின்பு நீலியின் இடுப்பில் குழந்தையாக இருப்பதும் அதன் கொம்புதான். அது சதுரக்கள்ளி. அவசரத்தில் இணையத்தில் தேடி வரைந்தால் அமெரிக்கப் பாலைவனக் கள்ளி வந்து நிற்கும். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவை ராஜஸ்தான் கோட்டைக் குவிமாடத்துக்கு அடியில் உட்கார வைப்பதும் இப்படித்தான். தக்கலை பக்கத்தில் அவருடைய பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. சரிந்த ஓட்டுக்கூரையையும் மரத்தூண்களையும் திங்கள்கிழமையும் விடுமுறை நாள்களும் தவிர மற்ற நாள்களில் போய் வரைந்து வரலாம். அந்த ஒரு நாளுக்கும் சம்பளம் வேண்டும், அவ்வளவுதான்.

எழுத்து விஷயத்திலும் அவசரம் தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வசனத்தைச் சுருக்கி முடித்த பிறகு பென்சில் எடுக்காவிட்டால் பலூன் பாத்திரத்தின் தலையை மூடும். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் தெற்காசிய எழுத்து முறையைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறும். எழுத்து நான்கு வண்ண மையிலும் விழுந்தால், அச்சில் தகடு சற்று விலகினாலே நிழலடிக்கும். எழுத்தைத் தனி லேயரில் (படத்துக்கு மேல் தனி அடுக்காக), கறுப்பு மட்டும் 100 சதவீதம் என்று வைக்க வேண்டும். இவை சரிபார்க்க இரண்டு நாள் பிடிக்கும் வேலைகள். அந்த இரண்டு நாள்தான் கிடைப்பதில்லை.

பதிப்பாளர்களிடம் நாங்கள் கேட்பது: மாடல் ஷீட்டுக்குத் தனிக் கூலி, பென்சில், மை, வண்ணம் என ஒவ்வொரு நிலையும் முடிந்ததும் பணம், ஒப்புதல் கொடுத்த பென்சிலை மாற்றச் சொன்னால் அதற்குக் கூடுதல் தொகை. ஜனவரிக்குப் புத்தகம் வேண்டுமானால் மே மாதக் கடைசியில் கதை கைக்கு வர வேண்டும்.

இளம் ஓவியர்களுக்கும் ஒரு வார்த்தை. வாய்ப்பேச்சில் படத்தின் பதிப்புரிமை கைமாறாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு. எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். அந்த இரண்டு வரிகளையும் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
சித்திரக்கதை ஓவியர்கள் சிலர்,
நாகர்கோவில், தக்கலை.