கோடு போட்ட நோட்டே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் புல்லட் ஜர்னல் பற்றி, அதாவது வேலைகளையும் குறிப்புகளையும் சின்னச் சின்னக் குறிகள் போட்டு ஒரே நோட்டில் எழுதி வைக்கும் முறை பற்றி எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் கூடவே போட்டிருந்த படத்தில் வாட்டர்கலர் பூக்களும் ஸ்டிக்கர்களும் பத்து கலர் பேனாக்களும் இருந்ததால்தான் இந்தக் கடிதம். அதைப் பார்த்து எத்தனை பேர் 'நமக்கு வரையவெல்லாம் வராது' என்று பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள்! நானும் இப்படிப் படங்களைப் பார்த்தே இரண்டு வருஷம் ஒதுங்கி இருந்தேன்.

இதை உருவாக்கிய ரைடர் கரோல் நியூயார்க்கில் புரூக்ளினில் இருந்த ஒரு டிசைனர். சின்ன வயதிலேயே கவனக்குறைபாடு இருக்கிறது என்று மருத்துவர்கள் சொன்ன பிள்ளை, வகுப்பில் மனம் நிற்காமல் தவித்து, தனக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக அமைத்துக்கொண்ட முறையைத்தான் 2013இல் இணையத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். அதில் பூ எதுவும் கிடையாது.

என் மகள் பாதி எழுதி மிச்சம் வைத்த கோடு போட்ட நோட்டில்தான் ஆரம்பித்தேன். பக்க எண் போட்டு, முதல் இரண்டு பக்கத்தைப் பொருளடக்கத்துக்கு விட்டேன். அப்புறம் வரும் மாதங்களுக்குச் சில பக்கம், இந்த மாதத்துக்குத் தேதி வரிசை, அதற்குப் பின் அன்றன்றைக்கு. செய்ய வேண்டிய வேலைக்கு முன்னால் ஒரு புள்ளி, சும்மா குறித்து வைப்பதற்குச் சிறு கோடு, கல்யாணம், ஸ்கூல் மீட்டிங் மாதிரி நிகழ்ச்சிகளுக்குச் சின்ன வட்டம். வேலை முடிந்தால் அந்தப் புள்ளி மேலேயே பெருக்கல் குறி.

ஆனால் இந்த முறையின் உயிர் மாதக் கடைசியில்தான் இருக்கிறது, உங்கள் கட்டுரையில் விட்டுப்போனதும் அதுதான். முடியாமல் நிற்கும் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்னும் தேவை என்றால் அம்புக்குறி போட்டு அடுத்த மாதத்துக்குக் கையால் எழுத வேண்டும், தேவையில்லை என்றால் அடித்துவிட வேண்டும். 'தையல் மெஷினை ரிப்பேருக்குக் கொடுக்கணும்' என்று நான்கு மாதம் எழுதினேன். ஐந்தாவது மாதம் எழுதக் கை வலித்தபோதுதான் இனி நான் தைக்கப்போவதில்லை என்று புரிந்தது, தைக்கத் தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதைக் கொடுத்துவிட்டேன். போனில் ரிமைண்டர் வந்தால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம், கையால் திரும்ப எழுதும்போது அது நடக்காது.

அடுத்த முறை எழுதும்போது தயவுசெய்து ஒரு சாதாரண நோட்டுப் பக்கத்தைப் படமாகப் போடுங்கள். வேண்டுமானால் என்னுடையதையே எடுத்து அனுப்புகிறேன், பால் கணக்கும் அம்மாவின் பிரஷர் மாத்திரையும் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தஞ்சாவூர்