பெயர் போட முடியாத நன்றி

அன்புள்ளவர்களுக்கு,

நன்றி மடல் என்றால் பெயர்கள் இருக்க வேண்டும். இதில் இருக்காது. நான் விட்டு வந்த என் நாட்டின் பெயரைக்கூட எழுதப்போவதில்லை. உங்களில் பலர் இன்னும் அங்கேதான் வேலைக்குப் போய்வருகிறீர்கள். என் நன்றியால் உங்களுக்கு ஒரு விசாரணை வர வேண்டாம். அவரவர் செய்தது அவரவருக்குத் தெரியும்.

முதலில், என் பழைய பத்திரிகையில் பக்கம் வடிவமைத்தவருக்கு. கார்ட்டூனை நிறுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்த இரவு, அந்த இடத்தில் ஏதாவது விளம்பரத்தைப் போட்டு மூடச் சொன்னார்கள். நீங்களோ கட்டத்தின் கோட்டை மட்டும் வைத்து, உள்ளே வெள்ளையாக அச்சுக்கு அனுப்பிவிட்டீர்கள். என் படங்களிலேயே அதிகம் பேசப்பட்டது நான் வரையாத அந்தப் படம்தான். கொஞ்சம் பொறாமைதான்.

அப்புறம், ஒரு காசும் வாங்காமல் வாதாடிய வழக்கறிஞருக்கு. "படத்தில் இருப்பது யார்?" என்று விசாரணை அதிகாரி என்னைக் கேட்டார். நீங்கள் குறுக்கே புகுந்து, "உங்களுக்கு யார் மாதிரித் தெரிகிறதோ அந்தப் பெயரை எழுதி, கீழே நீங்களே கையெழுத்துப் போடுங்கள்" என்றீர்கள். அன்று அந்தத் தாள் நிரப்பப்படவே இல்லை.

இலங்கையில் 2010 ஜனவரி 24 அன்று காணாமல்போன கார்ட்டூன்காரர் பிரகீத் எக்னலிகொட திரும்பி வரவேயில்லை. 2011இல் சிரியாவின் டமாஸ்கஸில் கார்ட்டூன்காரர் அலி ஃபர்சாத்தைப் பிடித்து, வரைகிற கைகளையே உடைத்தார்கள். பாலஸ்தீனக் கார்ட்டூன்காரர் நாஜி அல் அலி 1987இல் சுடப்பட்டது லண்டனில். வெளியே வந்துவிட்டால் மட்டும் போதாது. நான் முழு விரல்களோடு உட்கார்ந்து வரைகிறேன் என்றால் அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. நேரத்தோடு கிளம்பச் சொன்னவர்களும், ஆபத்திலிருக்கும் எழுத்தாளர், கலைஞர்களுக்கு இடம் தரும் புகலிட நகரத் திட்டத்துக்கு என் விண்ணப்பத்தை இரவோடு இரவாகத் திருத்தி அனுப்பியவர்களும்தான் காரணம். அசல் ஓவியங்களைச் சுருட்டினால் மை வெடித்துவிடும் என்று, மகளின் பள்ளிக்கூட வரைபடங்களுக்கு நடுவே தட்டையாக அடுக்கிக் கொண்டுவந்து சேர்த்த தோழிக்குத் தனி வணக்கம்.

ஆனால் இங்கே வந்தபின் எனக்கு உண்மையாகவே பிழைப்பு கொடுப்பவர்கள் வேறு சிலர். கார்ட்டூன்காரனுக்குக் கொள்கை தெரிந்தால் போதாது, ஆளின் செருப்பு தெரிய வேண்டும். தூரத்தில் இருந்தால் முதலில் மங்குவது அதுதான். செய்தி எல்லாம் வந்துவிடுகிறது. அமைச்சர் எந்தத் தோளில் துண்டு போடுகிறார் என்பது வருவதில்லை. "அவர் மீசையை எடுத்து மாதக்கணக்காகிறது, நீ இன்னும் பழைய ஆட்சியையே வரைந்துகொண்டிருக்கிறாய்" என்று திட்டி அனுப்பிய குரல்பதிவை நான் அழிக்கவில்லை. வரிசையில் நிற்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள், எந்த நக்கல் பழசாகிவிட்டது, இப்போது யாரைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறீர்களே, அதில் பாதி வசனம் உங்களுடையது. கூலி தர வழியில்லை.

லைக் போடாமல், பகிராமல், பார்த்துவிட்டு மட்டும் போகிறவர்களுக்கும் நன்றி. அதுவே போதும். தயவுசெய்து லைக் போடாதீர்கள்.

சரி, ஒரு வேலை இருக்கிறது. சபாநாயகரின் புது நாற்காலியில் கைப்பிடி சிங்கமா யானையா என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நேரில் பார்த்தவர்கள் யாராவது வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். சனிக்கிழமைப் படத்துக்கு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கார்ட்டூன்காரன்