பச்சையாக இருந்தால் நலமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் காற்றுமாசுக் கட்டுரையில், 'பசுமைமாறா மரங்களை மாசு ஒன்றும் செய்வதில்லை. எப்போதும் பச்சையாக இருப்பதே சாட்சி' என்று ஒரு வரி. முகத்தில் பவுடர் பூசியிருப்பவருக்குக் காய்ச்சலே வராது என்பதுபோல் இருக்கிறது.

இலையுதிர் மரம் ஆண்டுக்கொருமுறை நஞ்சேறிய இலைகளைக் கொட்டிவிடும். பசுமைமாறா மரத்துக்கு அந்த வசதி இல்லை. ஓர் இலை ஓராண்டுக்கு மேல், ஊசியிலை மரங்களில் பல ஆண்டுகள், அதே புகையில் நிற்க வேண்டும்.

31 ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் நான். சாலையோர அரளியிலிருந்தும் உள்தோட்டத்து அரளியிலிருந்தும் இலை பறித்துவரச் சொல்வேன். பார்வைக்கு இரண்டும் ஒரே பச்சை. 80 சதவீத அசிட்டோனில் அரைத்து, 645, 663 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் சாலையோர இலையில் பச்சையம் குறைந்திருக்கும். சாற்றில் அமிலத்தன்மையும் கூடியிருக்கும். கந்தக டை ஆக்சைடு இலைத்துளை வழியே புகுந்து, ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. அந்த அமிலம் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிட, மிஞ்சுவது பழுப்பேறிய பியோபைட்டின். ஓசோன் புகுந்தால் வேறு தொல்லை: அதைச் சமாளிக்க இலை தன் அஸ்கார்பிக் அமிலத்தை (வைட்டமின் சி) செலவழிக்கிறது, நொதிகளை முடுக்குகிறது. கடன் வாங்கி வட்டி கட்டுபவரை 'வசதியானவர்' என்று எழுதுவீர்களா?

எந்தச் செடி எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட 1983-லேயே சிங், ராவ் என்ற ஆய்வாளர்கள் ஒரு குறியீடு தந்துவிட்டார்கள். அஸ்கார்பிக் அமிலம், மொத்தப் பச்சையம், இலைச்சாற்றின் பி.எச். (அமில-கார அளவு), இலையின் நீர்அளவு ஆகிய நான்கும் அதில் உண்டு. 'பச்சையாக இருக்கிறதா' என்ற கேள்வி இல்லை. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

முன்பொருமுறை, ஏதோ ஒரு மரம் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்று எழுதினீர்கள். ஒளியில்லாமல் அது நடப்பதில்லை என்று ஒன்றரைப் பக்கம் மறுத்தேன். மூன்று வரியாகச் சுருக்கி, 'இல்லை'யையும் வெட்டிவிட்டு, நானே ஆமோதித்ததுபோல் வெளியிட்டீர்கள். என் பழைய மாணவர்கள் தொலைபேசியில் துக்கம் விசாரித்தார்கள்.

கட்டுரையைத் திருத்தச் சொல்லவில்லை. அந்தப் பேராசை எனக்கில்லை. படத்தில் மஞ்சள் பூவோடு நிற்பது பொன்னரளி, கீழே அச்சிட்டிருப்பது 'செவ்வரளி'. அதையாவது மாற்றுங்கள். இக்கடிதத்தில் 'இல்லை' வரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றைத் தங்கள் விருப்பப்படி வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், தங்கள் நெடுநாள் சந்தாதாரர்