அட்டை இருக்கிறது, பெயரைக் காணோம்

ஐயா,

ஓட்டுப் போட புகைப்பட அடையாள அட்டை கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. 1993-ல் அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் அதைக் கொண்டுவருவதற்கு முன்பு செத்தவர்கள்கூட வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள் என்று எங்கள் தெருவில் கேலி பேசுவார்கள். அட்டை தொலைந்தாலும் ஆதார், ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய வங்கி பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று ஏதாவது ஒன்றைக் காட்டலாம், பூத் சிலிப் மட்டும் போதாது (2019-லிருந்தே இப்படித்தான், இன்னமும் பலர் சிலிப்போடு வந்து திரும்பிப் போகிறார்கள்).

சரி, அட்டை இருந்தால் போதுமா? போன தேர்தலில் என் அம்மா வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, உள்ளே போய் அட்டையை நீட்டினால், "பட்டியலில் பேர் இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். முப்பது வருடமாக அதே வீடு, அதே பூத். பெயரை நீக்குமுன் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறார்கள், எங்களுக்கு ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. அப்புறம் படிவம் 6 எழுதிக்கொடுத்து, புது வாக்காளர் மாதிரி சேர வேண்டியதாயிற்று, 71 வயதில்.

நீக்கப்போகும் பெயர்களை ரேஷன் கடை வாசலில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். யார் செத்தார், யார் இருக்கிறார் என்று ஊரே சொல்லிவிடும்.

– ஒரு வாசகி