பக்கத்தில் உறங்குபவரையும் கேளுங்கள்: மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மனநல மருத்துவர்களுக்கும், மனநல வார்டுகளில் பணிபுரியும் செவிலியர்களுக்கும், சமூகப் பணியாளர்களுக்கும்,

வணக்கம்.

மனச்சிதைவு, இருமுனையக் கோளாறு, தீவிர மனச்சோர்வு ஆகிய நோய்களோடு வாழ்பவர்களின் கணவர்களும் மனைவிகளும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நீங்கள் தொடங்கிவைக்கும் சிகிச்சையின் பெரும்பகுதி எங்கள் வீடுகளில்தான் நடக்கிறது. மாத்திரை போட்டாயிற்றா என்று பார்ப்பதும், தூக்கம் குறைவதைக் கவனிப்பதும், நள்ளிரவில் கூட்டிக்கொண்டு ஓடலாமா விடியும்வரை பொறுக்கலாமா என்று முடிவெடுப்பதும் நாங்கள்தான். ஆனால் அந்தப் பொறுப்புக்குத் தேவையான தகவல் எங்கள் கைக்கு வருவதில்லை. நாங்கள் கவனித்ததும் உங்கள் கோப்புக்குப் போவதில்லை. இந்த இரண்டையும் மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

“நோயாளி சம்மதிக்கவில்லை, எதுவும் பேச முடியாது” என்று போனை வைத்துவிடுகிறீர்கள். அவர் உங்களிடம் நம்பிச் சொன்னதை எங்களிடம் சொல்லாதீர்கள். அந்த நம்பிக்கை உடைந்தால் சிகிச்சையே போய்விடும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொள்வதற்கு யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. நோயைப் பற்றிப் பொதுவாக விளக்கவும் தடையில்லை. அட்மிட் ஆன அன்று ஒரே ஒருமுறை சம்மதம் கேட்டு, “வேண்டாம்” என்றதும் அதை நிரந்தரமாக்கிவிடாதீர்கள். அன்றைக்குத் துணைதான் எதிரியாகத் தெரிந்திருப்பார். தெளிந்த பிறகு மறுபடி கேளுங்கள், பிரித்துக் கேளுங்கள்: மருந்து விவரம் சொல்லலாமா, டிஸ்சார்ஜ் தேதி சொல்லலாமா, பேசிய அந்தரங்கம் மட்டும் வேண்டாமா என்று. மொத்தமாக மறுத்தவர்கூட முதல் இரண்டுக்குத் தலையாட்டக்கூடும்.

எங்களைத் தனியாகப் பத்து நிமிடம் பாருங்கள். துணை தனக்குத் துரோகம் செய்கிறார், சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார் என்பதே பிரமையாக இருக்கும்போது, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் எதைச் சொல்ல முடியும்? இன்னொன்று, இதை மிகவும் வேண்டிக் கேட்கிறோம். “நீங்க ராத்திரி தூங்கறதே இல்லைன்னு உங்க மனைவி சொல்றாங்களே” என்று அவரிடம் நேராகச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கான விலையை வீட்டுக்குப் போய் நாங்கள் கொடுக்கிறோம். பல வீடுகளில் மாத்திரை வாங்கிக்கொள்ளும் உறவு அதோடு முறிகிறது. நாங்கள் சொன்னதை வைத்து நீங்களாகக் கேளுங்கள்: “நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீங்க? எத்தனை மணிக்கு எழுந்தீங்க?”

டிஸ்சார்ஜ் ஆகும்போது எங்கள் கைக்கு வருவது மருந்துச் சீட்டு மட்டும். அதோடு இன்னொரு தாள் வேண்டும், எங்களுக்குப் புரியும் மொழியில். இருமுனையக் கோளாறுக்குத் தரும் லித்தியம் எழுதியிருந்தால், அதன் அளவைப் பார்க்கும் ரத்தம் கடைசி டோஸுக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்கப்பட வேண்டும் என்று அதில் இருக்கட்டும். யாரும் சொல்லாததால், காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போகிறார்கள். அளவு அதிகமாகக் காட்டுகிறது, நீங்கள் டோஸைக் குறைக்கிறீர்கள், சில வாரங்களில் நோய் திரும்புகிறது. தொடர் சிகிச்சையில் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், சிலருக்கு 1.0 வரை என்பதையும் எழுதுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் வியர்வை ஆகியவற்றால் உடலில் நீர் வற்றினாலோ, முட்டிவலிக்கு ஐபுபுரோஃபென் போட்டாலோ, ரத்த அழுத்தத்துக்கு வேறொரு மருத்துவர் சில மாத்திரைகளைச் சேர்த்தாலோ லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும். விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் பலருக்கு இருப்பதுதான். டம்ளர் தளும்பும் அளவுக்குக் கை ஆடினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனை. இந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர இரண்டு நிமிடம் போதும்.

மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் என்றால் தாள் இன்னும் கறாராக இருக்க வேண்டும். காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அன்றே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக விடக்கூடாது. குடல் இயக்கம் நின்று உயிரே போகலாம். 48 மணி நேரத்துக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய டோஸிலிருந்து தொடரக்கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். இது தெரியாமல் “விட்டுப்போச்சு, இன்னைக்காவது போடு” என்று அக்கறையோடு முழு டோஸைக் கொடுத்துவிடுவது துணைகள்தான். புகைப்பழக்கத்தையும் கேளுங்கள். சிகரெட் புகை குளோசபினை உடலில் வேகமாகக் கரைக்கும். வார்டில் புகைக்காமல் இருந்தபோது சரியாக இருந்த டோஸ், வீட்டுக்கு வந்து மறுபடி பற்றவைத்ததும் போதாமல் போகும். திடீரென்று நிறுத்தினால் அதே டோஸ் மிகையாகிவிடும்.

பக்கவிளைவை நோய் என்று நாங்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் உண்டு. மருந்து தொடங்கிய சில நாளில் உட்கார முடியாமல், நிற்க முடியாமல், கால் மாற்றி மாற்றி நடந்துகொண்டே இருந்தால் அது நோய் முற்றுவதாகவே எங்களுக்குத் தோன்றும். டோஸைக் கூட்டச் சொல்லி உங்களிடமே வருவோம். கூட்டினால் இன்னும் மோசமாகும். ‘உள்ளுக்குள்ள அரிக்குது’ என்று அவர் சொன்னால் அது மருந்தினால் இருக்கலாம், அதற்கு வழி இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

தாம்பத்தியத்தைப் பற்றியும் நீங்களே பேச்சை எடுங்கள். ஆசை குறைவது, மாதவிலக்கு நிற்பது, ஆண்மைக் குறைவு எல்லாம் மருந்தினால் வரக்கூடியவை. வெட்கத்தில் சொல்லாமல் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், காரணம் உங்களுக்குத் தெரிவதே இல்லை.

வீட்டில் எப்படிப் பேசுவது என்பதும் சிகிச்சையில் சேர்த்தி. மனச்சிதைவுள்ளவர்கள் டிஸ்சார்ஜுக்குப் பிறகு பெற்றோரிடமோ வாழ்க்கைத்துணையிடமோ திரும்பினால் மறுபடி அட்மிட் ஆவது அதிகம் என்று 1950களிலேயே லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் கண்டார். பின்னால் வந்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின: ஓயாத குறை சொல்லல், பகைமை, அளவு மீறிப் பொத்திப் பொத்திக் காப்பது. அத்தகைய வீட்டில் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகம்பார்த்து இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். இந்த முடிவை எங்கள்மேல் பழியாகப் போடாதீர்கள், ஏனென்றால் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்பதும் 1980களிலிருந்தே நிரூபணமானது. பிரிட்டனின் வழிகாட்டுதல் மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது 10 அமர்வுகள் என்கிறது. பத்து முடியாவிட்டால் இரண்டு அமர்வாவது கொடுங்கள். பிரமையோடு வாதாடவும் கூடாது, ஆமாம் போடவும் கூடாது என்றால் பிறகு என்னதான் சொல்வது? “எனக்கு அந்தக் குரல் கேட்கலை. ஆனா உனக்கு எவ்வளவு பயமா இருக்குன்னு தெரியுது. நான் இங்கயே இருக்கேன்.” இப்படி ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழக வைத்தால் பல இரவுகள் கடந்துவிடும்.

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் வாரத்திலும் அதைத் தொடரும் மூன்று மாதங்களிலும் தற்கொலை ஆபத்து மிக அதிகம். அந்தக் காலத்தில் மாத்திரையை ஒரு வாரத்துக்கு மேல் மொத்தமாகத் தராதீர்கள். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று எங்களிடம் சொல்லுங்கள். அந்தப் பயத்தில்தான் கேட்காமல் இருக்கிறோம். முதல் வாரத்துக்குள் நீங்களே ஒருமுறை கூப்பிடுங்கள். ராத்திரியில் அழைக்க வேண்டிய எண்ணைத் தாளில் எழுதும் முன் அதை யாராவது எடுக்கிறார்களா என்று போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, அவர் நலமாக இருக்கும் காலத்தில் மூவரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதுவோம். அவருக்கென்றே உள்ள முன்னறிகுறிகள் எவை: தொடர்ந்து இரண்டு இரவு நான்கு மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம், திடீர்ச் செலவு, ஜன்னல்களை மூடிவைப்பது, எதுவானாலும் அவர் வாயாலேயே வரட்டும். எந்த நிலையில் நாங்கள் உங்களைக் கூப்பிடலாம், எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது, அவரை யார் தொடலாம், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, அவர் கை ஓங்கினால் நாங்களும் பிள்ளைகளும் எங்கே போவது, எல்லாம் அதில் இருக்கட்டும். அவர் கையெழுத்திட்ட பிரதி கேஸ் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் அவசரப் பிரிவில் அன்று டியூட்டியில் இருப்பவர் அவரை முதல்முறையாகப் பார்ப்பவராக இருக்கலாம்.

இப்படிக்கு,
மனநோயோடு வாழ்பவர்களின் துணைகள்