பலகையை வளைப்பது சூடுதான், தண்ணீர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வந்த யுகுலேலே (சின்ன கிட்டார் போன்ற நாலு தந்தி வாத்தியம்) கட்டுரையை ஆசையாகப் படித்தேன். 1879-இல் போர்ச்சுகலின் மதேராத் தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் கப்பலில் ஹவாயின் ஹொனலுலுவில் போய் இறங்கியவர்களில் மூன்று மரவேலைக்காரர்கள் இருந்ததையும், அவர்கள் ஊர்ச் சிறு வாத்தியம் அங்கே வளரும் கோவா (koa) என்ற மரத்தில் யுகுலேலே ஆனதையும் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் செய்முறையில் ஒரு வரி தூக்கிவாரிப் போட்டது: பக்கப் பலகையை இரவு முழுக்க ஊற வைத்து வளைக்க வேண்டுமாம்.

அப்படிச் செய்து இரண்டு பலகைகளைப் பறிகொடுத்தவன் நான். பேத்தி யுகுலேலே கேட்டாள் என்று மகாகனியை மூன்று மில்லிமீட்டருக்கு இழைத்து, அவளைக் குளிப்பாட்டிய பழைய தொட்டியிலேயே ஊறப் போட்டேன். காலையில் வளைத்தால், இடுப்பு வளைவில் (வாத்தியம் நடுவில் ஒடுங்கும் இடம்) படக்கென்று ஒன்று போயிற்று. இன்னொன்று உடையவில்லை, கட்டை அவிழ்த்ததும் நிமிர்ந்துகொண்டது, காய்ந்ததும் அப்பளம் மாதிரி நெளிந்தது.

கொள்ளிடம் பக்கம் தைக்காலில் பிரம்பு நாற்காலி செய்யும் ஒருவரிடம் புலம்பினேன். சிரித்துவிட்டார். "பின்னுற நாருக்குத்தான் சார் தண்ணி. கம்புக்குத் தீ காட்டணும்" என்றார். முப்பது வருடம் கைத்தொழில் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். வீணைக் குடத்தைப் பலாவில் குடைந்தே பார்த்த கண், வளைப்பதை யோசிக்கவில்லை.

மரத்தின் நார்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது லிக்னின் என்ற பசை போன்ற பொருள். ஈர மரத்தில் அது நூறு டிகிரி வாக்கில் இளகும், ஆறினால் பழையபடி இறுகும். தண்ணீரின் வேலை, சூட்டை உள்ளே கொண்டுபோவதும் மரம் கருகாமல் காப்பதும்தான். பத்து நிமிட ஊறல் போதும்.

அப்புறம் நான் செய்தது இது. பலகையை இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைத்தேன். இரண்டு அங்குல இரும்புக் குழாயை வைஸில் (மேசைப் பிடிப்பானில்) மாட்டி, உள்ளே ப்ளோ லேம்ப் சுவாலையை விட்டேன். (துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டாம், அந்தப் புகை ஆகாது.) தோசைக்கல்லுக்குப் பார்ப்பது போலத் தண்ணீர் தெளித்தேன், துளி உருண்டு ஓடினால் பதம். பலகையின் வெளிப்பக்கம் மெல்லிய எவர்சில்வர் தகட்டை வைத்துப் பிடித்துக்கொண்டேன். சூடேறிய மரம் அமுங்கக் கொடுக்கும், இழுத்தால் நீளக் கொடுக்காது. அதனால்தான் விரிசல் வெளிப்பக்கம் விடுகிறது. முதலில் இடுப்பு. குழாய் மேல் முன்னும் பின்னும் மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் மரம் கைக்கு முரண்டு பிடிப்பதை விட்டுவிடும். அதற்கு முன் அழுத்தினால் போச்சு. வளைத்ததை உடனே அச்சில் வைத்துக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டேன். கொஞ்சம் விரியத்தான் செய்தது. மறுபடி குழாயில் காட்டிச் சரிசெய்தேன்.

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். விடுமுறை வருகிறது, யாராவது பிள்ளைகள் நல்ல பலகையைத் தொட்டியில் போட்டு வைப்பார்கள். கூடவே, பெரியவர்கள் துணையில்லாமல் குழாய்ப் பக்கம் போகக் கூடாது என்றும் சேர்த்துவிடுங்கள். என் இடது கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கைத்தொழில் ஆசிரியர்,
சீர்காழி